ஈடேலை வலம் வருதல்: கிண்டர் மேட்டுவெளியில் ஒரு ஃபெல் ஓட்டம்

மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவே, ஹோப் வேலி ரயில் பாதையில் ஈடேல் என்றொரு சின்ன நிலையம் இருக்கிறது. இறங்கி நின்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் குன்றுதான். வடக்கே கிண்டர் ஸ்கவுட் மேட்டுவெளி, தெற்கே மாம் டார் முகடு, மேற்கே பிரவுன் நோல், கிழக்கே வாசல் காப்பது போல வின் ஹில்லும் லூஸ் ஹில்லும். இந்த முகடுகளை ஒன்றுவிடாமல் தொட்டு ஒரு முழுச் சுற்று ஓடி வருவதுதான் ஈடேல் ஸ்கைலைன். தூரம் ஏறத்தாழ 34 கி.மீ., மொத்த ஏற்றம் 1,370 மீட்டர் அளவு. போட்டி நடப்பது மார்ச் மாதம். நாள்காட்டியில் அது வசந்தம். மேட்டில் இன்னும் குளிர்காலம்தான்.

சுற்றும் திசை, கடிகார முள் போகும் திசை. தொடக்கம் முதல் முடிவு வரை ஈடேல் பள்ளத்தாக்கு வலக்கைப் பக்கமே இருக்கும். கோயில் பிராகாரம் சுற்றிப் பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மூடுபனி இறங்கி, வரைபடம் நனைந்து, மூளையும் மந்தமாகிவிட்ட நேரத்தில் கைகொடுப்பது இந்த ஒரே விதி: வலப்பக்கம் மேடாக ஏறுகிறது, சரிவு இடப்பக்கம் மட்டும் இருக்கிறது என்றால் நீங்கள் தவறான இடத்தில் இருக்கிறீர்கள். அங்கேயே நில்லுங்கள். இன்னும் பத்தடி போய்ப் பார்ப்போம் என்று போகிறவர்கள்தான் முகட்டின் மறுபுறத்து ஊரில் போய் இறங்குகிறார்கள்.

ஃபெல் என்பது வட இங்கிலாந்தில் மரமில்லாத உயர்ந்த மேட்டைக் குறிக்கும் சொல். நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. ஃபெல் ஓட்டம் என்றால் போட்டுவைத்த பாதையில் ஓடுவது மட்டும் அல்ல. சோதனைச் சாவடி இங்கே, அடுத்தது அங்கே, நடுவில் எப்படிப் போவது என்பது பல போட்டிகளில் ஓடுகிறவர் பொறுப்பு. சாலை மாரத்தான் நான்கைந்து ஓடிவிட்டு, அந்தத் தெம்பில் இங்கே வருகிறவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கால் பலம் அவர்களுக்கு இருக்கிறது. இடறுவது வேறு இடங்களில்.

எவ்வளவு நேரம் ஆகும்

இங்கிலாந்தில் ஃபெல் ஓட்டக்காரர் சங்கம் 1970இல் தொடங்கப்பட்டது. போட்டிகளை அது இரண்டு எழுத்துகளால் வகைப்படுத்துகிறது. முதல் எழுத்து செங்குத்தைச் சொல்லும்: கிலோமீட்டருக்குக் குறைந்தது 50 மீட்டர் ஏற்றம் இருந்தால் ஏ, 25 இருந்தால் பி, 20 இருந்தால் சி. இரண்டாவது நீளத்தைச் சொல்லும்: 20 கி.மீ.க்கு மேல் போனால் எல். ஈடேல் சுற்றில் 1,370ஐ 34ஆல் வகுத்தால் 40 சொச்சம் வருகிறது. ஆக இது பி.எல்.

நேரம் கணிக்க ஒரு பழைய கணக்கு இன்றும் உதவுகிறது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் சொன்னது: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். நடப்பவர்களுக்காகச் சொன்ன விதி இது. அதன் உள்ளே இருக்கும் விகிதத்தை எடுத்துப் பார்த்தால், ஒரு மீட்டர் ஏறுவது எட்டு மீட்டர் சமதளத்துக்குச் சமம். ஓடுகிறவர்களுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த எட்டைத்தான். 1,370 மீட்டரை எட்டால் பெருக்கினால் 11 கி.மீ.; அதோடு 34. மொத்தம் 45 கி.மீ. சமதள ஓட்டம். மாரத்தானை விடக் கொஞ்சம் நீளம்.

சாலை மாரத்தானை நான்கு மணி நேரத்தில் ஓடுகிறவருக்கு 45 கி.மீ. என்றால் நாலே கால் மணி நேரம். ஆனால் அது சாலையில். சேறு, பாறை, புல்திட்டு, எதிர்காற்று இவற்றுக்காக இன்னும் 15 முதல் 20 சதவீதம் கூட்டினால் ஐந்து மணி நேரத்தை ஒட்டி வரும். முதல் தடவை ஓடுகிறவர் இந்த எண்ணை நம்பித்தான் சாப்பாட்டையும் உடையையும் கட்ட வேண்டும். நாலு மணி நேரத்துக்குக் கட்டிக்கொண்டு வந்தவர் கடைசி ஒரு மணி நேரத்தை வெறும் வயிற்றோடு, பாதையின் மிக உயர்ந்த பகுதியில் கழிப்பார்.

முதல் ஏற்றம்

ஈடேல் கிராமம் கடல்மட்டத்திலிருந்து 250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நாப் என்ற முனை வழியாக வளைந்து வளைந்து ஏறி ரிங்கிங் ரோஜர் பாறைகளை அடைவதற்குள் 300 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். தொடங்கும்போது எல்லாருக்கும் கால் துறுதுறுவென்று இருக்கும். பாதை ஒடுங்கி ஒற்றையடியாவதற்குள் முன்னால் போய்விட வேண்டும் என்ற அவசரமும் சேர்ந்துகொள்ளும். இங்கே அரை நிமிடம் லாபம் பார்க்கிறவர் பிரவுன் நோலில் பத்து நிமிடம் நஷ்டப்படுவார்.

செங்குத்தில் நடங்கள். முன்வரிசையில் ஓடுகிறவர்களே கடும் ஏற்றத்தில் நடக்கத்தான் செய்கிறார்கள். இடுப்பை மடக்கி, உள்ளங்கையை முட்டிக்குச் சற்று மேலே தொடையில் வைத்து, ஒவ்வொரு அடிக்கும் கையால் தொடையை அழுத்தி எழுங்கள். அடி சின்னதாக இருக்கட்டும். குதிகால் தரையில் படட்டும். விரல்முனையிலேயே ஏறினால் கெண்டைக்கால் மூன்றாவது மேட்டிலேயே கட்டிக்கொள்ளும். சரிவு தணிந்து, நடப்பதும் ஓடுவதும் ஒரே வேகம்தான் என்று தோன்றும் இடத்தில் ஓட ஆரம்பியுங்கள். அந்த மாற்றத்தைத் தள்ளிப்போடுவதில்தான் பலர் நேரத்தை விடுகிறார்கள்.

ரிங்கிங் ரோஜரை எட்டும்போது உடம்பு வேர்த்துக் கொட்டும். மேலே காற்று. இதுதான் நாளின் முதல் பொறி, இதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும்.

ஈரமும் காற்றும்

கிண்டருக்கு வடக்கே பிளீக்லோ மேட்டில், 1964ஆம் ஆண்டு மார்ச் 14, 15 தேதிகளில் நடந்த ‘ஃபோர் இன்ஸ்’ நடைப் போட்டியில் மூன்று சாரணர் இளைஞர்கள் குளிரில் இறந்தார்கள். பனிப்புயல் எதுவும் இல்லை, மழையும் காற்றும்தான். 1953 எவரெஸ்ட் பயணத்தில் உடலியல் ஆய்வாளராக இருந்த கிரிஃபித் பியூ இந்தச் சாவுகளை ஆராய்ந்தார். நனைந்த உடையில் காற்று அடித்தால் அந்த உடை தரும் வெப்பக் காப்பில் பெரும்பகுதி போய்விடுகிறது என்பதும், களைத்துப்போனவர் வேகம் குறைந்து உள்ளே உண்டாகும் வெப்பமும் குறைவதால் இரண்டும் ஒன்றை ஒன்று முடுக்குகின்றன என்பதும் அவர் எடுத்துக்காட்டியவை. இந்த மலைப்பகுதியான பீக் டிஸ்ட்ரிக்டின் மலை மீட்புக் குழுக்கள் ஒரே அமைப்பின் கீழ் வந்ததும் அந்தத் துயரத்துக்குப் பிறகுதான்.

ஓடுகிறவருக்கு இதில் முக்கியமானது இரண்டாவது பாதி. ஓடும்வரை நீங்கள் ஓர் அடுப்பு. கணுக்கால் பிசகியோ, பசியில் கால் ஓய்ந்தோ நடக்கத் தொடங்கிய நிமிடமே அடுப்பு அணைகிறது. உடையோ ஓடுகிறவருக்கு ஏற்ற மெல்லிய உடை. ஊரில் 8 டிகிரி இருந்தால் மேட்டில் ஐந்தரை. அதில் மணிக்கு 50 கி.மீ. காற்று சேர்ந்தால் தோலுக்கு அது சுழியத்துக்கும் கீழே. இவ்வளவும் உலர்ந்த ஆளுக்குச் சொன்ன கணக்கு. நனைந்தவருக்கு இன்னும் மோசம்.

அதனால் நீர்புகா மேலங்கியை எப்போது போடுவது என்பது இந்த ஓட்டத்தின் மிகப் பெரிய முடிவு. குளிர்ந்த பிறகு போடக் கூடாது. குளிரப்போகிறது என்று தெரிந்ததும் போட வேண்டும். ரிங்கிங் ரோஜர் பாறைகளின் மறைவில், முகட்டில் தலை தூக்குவதற்கு முன்பே போட்டு, ஜிப்பை இழுத்து, கையுறையையும் மாட்டிவிட வேண்டும். காற்றில் நின்று மேலங்கியை விரித்தால் அது பாய்மரம் மாதிரி படபடக்கும். கையைக் கைப்பகுதிக்குள் நுழைக்கவே ஒரு நிமிடம் ஆகும். விரல்கள் முதலில் நுட்பத்தை இழக்கும், பிறகுதான் வலிக்கும். ஜிப்பின் முனையைப் பிடிக்க முடியவில்லை என்பது முதல் எச்சரிக்கை. வார்த்தை குழறுவது, சமதரையில் தடுக்குவது, காரணமில்லாத எரிச்சல், “எனக்கு ஒன்றும் இல்லை” என்று திரும்பத் திரும்பச் சொல்வது, இவை அடுத்த கட்டம். அந்த நிலையில் இருப்பவருக்குத் தன் நிலை தெரியாது. பக்கத்தில் ஓடுகிறவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் தன் ஓட்டத்தை விட்டுவிட்டு அவரோடு கீழே இறங்க வேண்டும்.

ஒரு சின்ன வேலை. வீட்டிலேயே ஒவ்வொரு ஜிப்பின் முனையிலும் ஐந்து சென்டிமீட்டர் நீளக் கயிற்று வளையம் ஒன்று கட்டிவிடுங்கள். கையுறையோடு, விறைத்த விரலை உள்ளே கொடுத்து இழுக்கலாம். இடுப்புப் பையின் ஜிப்புக்கும் சேர்த்துத்தான். சாப்பாடு உள்ளே இருக்க, பையைத் திறக்க முடியாமல் பசியோடு ஓடியவர்கள் உண்டு.

இடுப்புப் பையில் இருக்க வேண்டியவை

சங்கம் நீண்ட போட்டிகளுக்கு வைத்திருக்கும் குறைந்தபட்சப் பட்டியல் சிறியது: உடம்பு முழுதும் மூடும் நீர்புகா உடை, அதில் மேலங்கிக்கு உடன்தைத்த தலைமூடி, காலநிலைக்கு ஏற்ற மேல்சட்டை, தொப்பி, கையுறை, பாதைக்கான வரைபடம், திசைகாட்டி, விசில், அவசர உணவு. தொடக்கக் கோட்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள். ஜி.பி.எஸ். கடிகாரம் இருக்கிறது என்று சொல்லித் திசைகாட்டி இல்லாமல் நின்றால் ஓட விடமாட்டார்கள்.

நீர்புகா என்று எழுதியிருப்பதெல்லாம் நீர்புகாதது அல்ல. தையல்களின் உட்புறம் நாடா ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது காற்றுத் தடுப்பு மட்டுமே. சந்தேகமிருந்தால் போட்டுக்கொண்டு குளியலறை ஷவரின் கீழ் ஐந்து நிமிடம் நிற்கலாம். மேட்டில் தெரிந்துகொள்வதை விட அது மலிவு. கையுறையில் ஐந்து விரல் பிரிந்திருப்பதை விட, விரல்கள் ஒன்றாக இருக்கும் பை மாதிரியான மிட்டன் கதகதப்பு. மெல்லிய கம்பளிக் கையுறைக்கு மேல் நீர்புகா மிட்டன் போட்டால் மார்ச் மாதத்துக்குப் போதும். பருத்திச் சட்டை வேண்டவே வேண்டாம்.

காலணியில் சமரசம் கூடாது. ஆறு முதல் எட்டு மில்லிமீட்டர் ஆழமுள்ள ரப்பர் கட்டைகள் அடியில் இருக்க வேண்டும். போல்டனில் உருவான வால்ஷ் காலணிகள் ஒரு தலைமுறை ஃபெல் ஓட்டக்காரர்களின் அடையாளம்; இப்போது வேறு பல நிறுவனங்களும் செய்கின்றன. எது வாங்கினாலும் குதிகாலை இறுகப் பிடிக்கும் அளவில் வாங்குங்கள். சாலைக் காலணிக்கு விரல்முன் விடும் தாராள இடைவெளி இங்கே ஆகாது. கரிச்சேறு குதிகாலைப் பிடித்து உறிஞ்சி, காலணியை உள்ளேயே வைத்துக்கொள்ளும். நாடாவுக்கு இரட்டை முடிச்சு போட்டு, மீந்த முனையைக் குறுக்குக் கட்டுகளின் அடியில் செருகிவிடுங்கள்.

தரையின் நிறம்

கிண்டரின் மேல்பரப்பு பீட் எனப்படும் கரி மண். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செடிகள் மட்கியும் மட்காமலும் நீரில் ஊறிப் படிந்தது. தொழிற்புரட்சிக் காலத்தில் மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆலைகளின் கந்தகப் புகை இங்கிருந்த பாசியைக் கொன்றது. அதோடு ஆட்டு மேய்ச்சலும் காட்டுத்தீயும் சேர்ந்து மண்ணை அம்மணமாக்கின. மழை அதை அறுத்து அறுத்து ஆள் மூழ்கும் ஆழமுள்ள ஓடைகளாக்கிவிட்டது. இவற்றை இங்கே கிரஃப் என்பார்கள். 2003 முதல் ஓடைகளை அடைத்தும், விதைத்தும், பாசி நட்டும் மேட்டை மீட்கும் பணி நடக்கிறது. உரிமையாளரான நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளை 1982இல் வாங்கிய இடம் இது. 2009இல் தேசிய இயற்கைக் காப்பிடம் ஆனது. ஆகவே அகலமாகப் பரவி ஓடிப் புதுத்தடம் போடாதீர்கள். மார்ச்சில் தங்க உப்புக்கொத்திகளும், கர்லூ எனப்படும் வளைந்த அலகுக் கோட்டான்களும் தரையில் கூடு கட்ட வரத் தொடங்கும்.

எங்கே கால் வைப்பது என்பதைத் தாவரம் சொல்லும். ஹெதர் புதரும் பில்பெரிச் செடியும் இருக்கும் இடம் ஒப்பீட்டளவில் உலர்ந்தது, காலைத் தாங்கும். ஆனால் புதருக்குள் மறைந்த குழியும் கல்லும் இருக்கும், முட்டியை உயர்த்தி ஓட வேண்டும். வெள்ளைப் பஞ்சு நுனியோடு ஆடும் பருத்திப்புல் என்றால் ஈரம். கோரை மண்டியிருந்தால் அடியில் தண்ணீர் ஓடுகிறது; கடக்கத்தான் வேண்டும் என்றால் கோரைக் குத்தின் அடிப்பாகத்தில் மிதியுங்கள், இரண்டு குத்துக்கு நடுவில் மிதிக்காதீர்கள். பளிச்சென்ற இளம்பச்சை மெத்தையாக, சில இடங்களில் செம்மை கலந்து, அழகாகத் தெரிகிறதே, அதுதான் ஸ்பேக்னம் பாசி. அதன் மேல் கால் வைத்தால் முழங்கால்வரை போகும், சில சமயம் தொடைவரை. வைக்கோல் நிறத்தில் வெளிறிக் குமிழ் குமிழாக நிற்கும் புல்திட்டுகள் சேற்றை விடத் தொல்லை. மேலே மிதித்தால் சரியும், நடுவில் மிதித்தால் கணுக்கால் முறுகும். அங்கே ஓட முயலாமல் நடப்பதே வேகம்.

வெறும் கருப்பு மண் மட்டும் ஏமாற்றும். நாலு நாள் வெயில் கண்டால் ரப்பர் விரிப்பு மாதிரி துள்ளலாக ஓடலாம், உலகிலேயே இதைவிட இதமான தரை இல்லை. மழை பெய்த மறுநாள் அதே இடம் அல்வா. உறைபனி விழுந்த காலையில் மேலோடு தாங்குவது போலத் தாங்கி, மூன்றாவது அடியில் உடையும்.

கல்லைப் பொறுத்தவரை கிண்டரின் மணற்பாறை சொரசொரப்பானது. நனைந்தாலும் பிடிமானம் தரும். நம்பி மிதிக்கலாம். நம்பக் கூடாதது தட்டைக் கற்கள் பதித்த பாதை. பென்னைன் மேடுகளில் அரிப்பைத் தடுக்கப் பழைய பஞ்சாலைகளின் தரைக்கற்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து பதித்திருக்கிறார்கள். தேய்ந்து வழவழப்பானவை அவற்றில் உண்டு. பனிக்கட்டி படிந்த காலையில் கல்லை விட்டுப் பக்கத்துப் புல்லில் ஓடுவதுதான் புத்திசாலித்தனம்.

வின் ஹில் முதல் மாம் டார் வரை

ரிங்கிங் ரோஜரிலிருந்து கிழக்கே விளிம்புப் பாதை குரூக்ஸ்டோன் வரை போய், ஹோப் கிராஸுக்கு இறங்கி, நீண்ட முதுகு மாதிரியான மேட்டில் வின் ஹில்லுக்கு ஏறுகிறது. உயரம் 463 மீட்டர். இடப்பக்கம் கீழே லேடிபவர் நீர்த்தேக்கம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் நாள் நல்ல நாள். இந்தப் பகுதி ஓட்டத்துக்கு எளிது, வழக்கமாக மேற்குக் காற்றும் முதுகில். அதனால்தான் எல்லாரும் இங்கே வேகமாகப் போய்விடுகிறார்கள்.

வின் ஹில்லிலிருந்து நோ ஆற்றுப் பள்ளத்துக்குச் செங்குத்தான இறக்கம். அடிகளைச் சுருக்கி, வேகமாக மாற்றி மாற்றி வையுங்கள். உடம்பைப் பின்னால் சாய்த்துக் குதிகாலால் பிரேக் போட்டால் வழுக்கும். தொடை முன்தசையும் கிழிந்த துணியாகிவிடும். இடுப்பைக் காலுக்கு நேர்மேலே வைத்து, கைகளை இறக்கை மாதிரி அகலவிட்டு, பார்வையை நாலடி முன்னால் நிறுத்துங்கள். கால் விழும் இடத்தைப் பார்க்காதீர்கள். அது ஏற்கெனவே முடிவான விஷயம். வீட்டில் பயிற்சிக்கு மலை இல்லாதவர்கள், பூங்காவில் ஒரு புல்சரிவைப் பிடித்து வாரம் ஒரு நாள் இருபது தடவை இறங்கினால் போதும். ஏற்றத்தை விட இறக்கத்துக்குத்தான் தொடைகளைத் தயார்ப்படுத்த வேண்டும்.

பள்ளத்தில் சாலையையும் ரயில் பாதையையும் கடந்ததும் லூஸ் ஹில். 300 மீட்டர் அளவு மறு ஏற்றம், ஒரே மூச்சில். பாதிப்பேர் இங்கேதான் உடைகிறார்கள். அடிவாரத்தில் சாப்பிடுங்கள், ஏறும்போது நடந்துகொண்டே மெல்லலாம். மேலே போனதும் மேற்கே திரும்புகிறது பாதை. இனி பிரவுன் நோல் வரை எதிர்காற்று. சுமார் 9 கி.மீ. தனியாக ஓடாமல், உங்களுக்கு ஒத்த வேகத்தில் மூன்று நான்கு பேரோடு சேர்ந்து, முன்னால் இருப்பவரின் தோளுக்குப் பின்னால் ஒதுங்கி ஓடுங்கள். அவ்வப்போது முன்னால் போய் உங்கள் முறையைக் கொடுங்கள். ஓசியில் ஒதுங்கிக்கொண்டே வருகிறவரை ஃபெல் ஓட்டக்காரர்கள் மறப்பதில்லை.

மாம் டார் என்றால் தாய்க் குன்று. அதன் கிழக்கு முகம் ஓயாமல் சரிந்துகொண்டே இருக்கிறது; கீழே போன நெடுஞ்சாலையை 1979இல் நிரந்தரமாக மூடிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் படிக்கட்டு முழுக்கக் குழந்தைகளும் நாய்களும். வழி கேட்டு, நன்றி சொல்லிப் போங்கள்.

பிரவுன் நோல்

லார்ட்ஸ் சீட் தாண்டி ரஷ்அப் எட்ஜ் முடியும் இடத்தில் வலம் வரும் விதிக்குச் சோதனை வருகிறது. முகடு மேற்கே தொடர்கிறது, ஆனால் நீங்கள் வடமேற்கே பிரவுன் நோலுக்குப் பிரிய வேண்டும். பிரியாமல் போனால் சாப்பல் எனும் ஊர்ப்பக்கச் சாலையில் இறங்குவீர்கள். அவசரப்பட்டு வலப்பக்கம் சாப்பல் கேட் தடத்தில் திரும்பினால் நேரே ஈடேலுக்கே இறங்கிவிடுவீர்கள்.

569 மீட்டர் உயரம் என்றாலும் பிரவுன் நோலுக்குச் சிகரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. தட்டையான கரிச்சேற்றின் நடுவே ஒரு நில அளவைத் தூண், அவ்வளவுதான். சரிவே இல்லாத இடத்தில் வலமும் இடமும் ஒன்று. ஆகவே மூடுபனி இருந்தால், தெளிவாகத் தெரியும் பிரிவிலேயே திசைகாட்டியை எடுத்துவிட வேண்டும். தூணிலிருந்து அடுத்த இலக்கு ஈடேல் கிராஸ்: வடவடமேற்கே ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கே கிழக்கு மேற்காகப் போகும் பழைய குதிரைப் பாதை குறுக்கே வரும். அதைத் தவறவிட முடியாது. நேர்கோடு கொஞ்சம் கோணினாலும் அந்தப் பாதையில் போய் முட்டிக்கொள்வீர்கள். இடது பக்கம் மட்டும் சாயாதீர்கள். அந்தச் சரிவு ஹேஃபீல்டுக்குப் போகிறது.

திசைகாட்டி விஷயத்தில் இரண்டு குறிப்பு. இந்தப் பகுதியில் இப்போது காந்த வடக்குக்கும் வரைபட வடக்குக்கும் வேறுபாடு மிகச் சொற்பம். பழைய கையேடுகள் சொல்வது போல நாலைந்து பாகை கழிக்க வேண்டாம், கழித்தால்தான் தப்பாகும். அடுத்தது கைபேசி. மார்புப் பையில் கைபேசியும், தண்ணீர்க் குழாயைப் பிடிக்கும் காந்தக் கொக்கியும் வைத்துக்கொண்டு அதற்கு நேரே திசைகாட்டியைப் பிடித்தால் முள் பொய் சொல்லும். நாள்பட்ட நெருக்கத்தில் முள்ளின் முனைகளே தலைகீழாக மாறிவிடுவதும் உண்டு. தெற்கை வடக்கு என்று காட்டும். இரண்டையும் வேறு வேறு பையில் வையுங்கள், காலையில் தெரிந்த திசையோடு ஒருமுறை ஒப்பிடுங்கள்.

வரைபடம் 1:25,000 அளவில் டார்க் பீக் தாள், அல்லது ஹார்வி நிறுவனத்தின் 1:40,000. ஓட்டத்துக்கு இரண்டாவதே எனக்குப் பிடித்தது. கண்ணை உறுத்தும் விவரம் குறைவு. தேவையான பகுதி மட்டும் தெரிய மடித்து, இப்போது இருக்கும் இடத்தில் கட்டை விரலை வைத்து, நகர நகர விரலையும் நகர்த்துங்கள். பையில் கிடக்கும் வரைபடத்தால், தொலைந்த பிறகு அவ்வளவாகப் பயனில்லை.

கிண்டரின் தென்விளிம்பு

ஈடேல் கிராஸிலிருந்து ஏறியதும் நோ ஸ்டூல், பிம் சேர், கம்பளி மூட்டைகளைக் குவித்தது போன்ற வுல்பேக்ஸ் பாறைகள், குரௌடன் டவர், கிரைண்ட்ஸ்லோ நோல். காற்று இப்போது முதுகில். இதமாக இருக்கும், அதுதான் இரண்டாவது பொறி. எதிர்காற்றில் நனைந்த உடம்பு, 25 கி.மீ. ஓடிய கால், குறைந்துவிட்ட வேகம். மேலங்கியைக் கழற்றலாம் என்று தோன்றும், கழற்றாதீர்கள்.

இங்கே ஒரே சட்டம், விளிம்பை விடாதீர்கள். குறுக்கே வெட்டினால் அரை கிலோமீட்டர் மிச்சம் என்று வரைபடம் ஆசை காட்டும். உள்ளே போனால் கிரஃப்களின் சிக்கல். ஒன்றில் இறங்கி, வழுக்கும் சுவரில் ஏறி, அடுத்ததில் இறங்கி, ஐந்தாவது ஓடையில் திசையே மறந்துவிடும். ஓடைத் தரையிலிருந்து வானம் மட்டும்தான் தெரியும். கிண்டரின் மிக உயர்ந்த புள்ளி 636 மீட்டர். அதைத் தேடிப் போய் நடந்தவர்களே அதுதானா என்று உறுதியாகச் சொல்லமாட்டார்கள், மேடு அவ்வளவு தட்டை. முழுச் சுற்றில் கிரைண்ட்ஸ்புரூக்கின் தலைப்பகுதியைச் சுற்றிக்கொண்டு மறுபடி ரிங்கிங் ரோஜருக்கு வர வேண்டும். நேரே கிரைண்ட்ஸ்புரூக் ஓடை வழியாக இறங்குவது குறுக்கு வழி போலத் தெரியும். களைத்த காலுக்கு அந்த உருட்டுக்கற்கள் எமன்.

சாப்பாடு, விலகல்

மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து கணக்கு. கொட்டை நீக்கிய பெரிய பேரீச்சை மூன்று போதும். கடலை மிட்டாய் சத்தில் குறைவில்லை, ஆனால் குளிரில் கல்லாகி, உலர்ந்த வாயில் துகள் தொண்டையில் மாட்டும். பொட்டலங்களின் முனையை வீட்டிலேயே வெட்டிவிட்டு வாருங்கள். பசிக்கும்வரை காத்திருக்காமல் நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள். அவசர உணவு தனி. அதைத் தொடாமல் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டும்.

விலகுவதற்கு இந்தச் சுற்று தாராளமாக இடம் தருகிறது. ஹோப் கிராஸ், ஹாலின்ஸ் கிராஸ், மாம் நிக் சாலை, சாப்பல் கேட், ஜேக்கப்ஸ் லேடர் என்று எங்கே வலப்பக்கம் இறங்கினாலும் ஈடேல்தான். இறங்கிய பிறகு நேரே வீட்டுக்குப் போய்விடக் கூடாது. முடிவுக்கோட்டு மேசையில் எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் ரயிலேற வேண்டும். சொல்லாமல் போனால் எண்ணிக்கையில் ஒருவர் குறைவார். வேலைவெட்டியை விட்டுவிட்டு வரும் மலை மீட்புத் தன்னார்வலர்கள் இருட்டில் உங்களைத் தேடுவார்கள், நீங்கள் வீட்டில் ரசம் சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

அடிபட்டு நகர முடியவில்லை என்றால் இருக்கும் உடையெல்லாம் போட்டுக்கொண்டு, பையை அடியில் போட்டு அதன்மேல் உட்காருங்கள். ஈரத் தரை உடம்புச் சூட்டை உறிஞ்சும். விசில் ஒரு நிமிடத்தில் ஆறு தடவை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. கேட்டவர் மூன்று தடவை பதில் ஊதுவார். பதில் வந்துவிட்டதே என்று நிறுத்திவிடாமல், ஆள் வந்து சேரும்வரை ஊதுங்கள். சிக்னல் கிடைத்தால் அவசர எண்ணான 999இல் போலீஸைக் கேட்டு, பிறகு மலை மீட்பு என்று சொல்லுங்கள். குரல் அழைப்பு போகாத இடத்தில் குறுஞ்செய்தி போகலாம். அதற்கு முன்கூட்டியே 999க்கு ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை அனுப்பிப் பதிந்திருக்க வேண்டும். இன்று இரவே செய்துவிடலாம்.

நாப் முனையில் கடைசி இறக்கம் தொடங்கும்போது கிராமமும் ரயில் பாதையும் கண்ணுக்குக் கீழே கிடக்கும். முட்டி நடுங்கும், வளைவுகளை வெட்டாமல் பாதையோடு போங்கள். முடித்த பத்து நிமிடத்துக்குள் உலர்ந்த உடைக்கு மாறிவிடுங்கள், கால்சட்டைக்கு முன் மேல்சட்டை. காலணியை ஹீட்டர் மேல் வைத்தால் ஒட்டுப் பசை விட்டுவிடும். குளிர்ந்த நீரில் கழுவி, செய்தித்தாளைத் திணித்து, ஈரமானதும் தாளை மாற்றுங்கள். நகக்கண்ணில் ஏறிய கரி மட்டும் ஒரு வாரம் ஆனாலும் போகாது.